கேக்குதாம்மா?

கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற தாயுமானவனைத் திருச்சியில் பார்க்கிறவர்களெல்லாம் சார் என்பார்கள். அவர் டீச்சர் என்று கூப்பிடுவது ஹசீனாவை மட்டும்தான். ஹசீனா அவருடைய மகளைவிடச் சின்னவர்.

படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்கு ஹசீனா இணையத்தில் மாலை வகுப்பு நடத்தினார். அந்த வித்தையைக் கற்றுக்கொள்ளத் தாயுமானவன் அவரிடம் சேர்ந்தார். சேர்ந்த கையோடு திரையில் எழுதும் பேனா, நல்ல மைக், முகத்துக்கு விளக்கு எல்லாம் வாங்கிவிட்டார். தோசையைத் துண்டு போட்டுப் பின்னம் காட்டும் படம் இருந்தது. பதில் சரியானால் பூ கொட்டும் வினாடி வினா இருந்தது. பூ மட்டும் இன்னும் கொட்டவில்லை.

ஏனென்றால் அவருக்கு வாய்த்த மாணவி மோனிஷா. விராலிமலைப் பக்கம் ஒரு கிராமத்தில் ஏழாவது படிக்கிறாள். எதுவும் மெதுவாகத்தான் ஏறும் என்று பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சுக்கு அனுப்பிவிட்டார்கள். டியூஷன் எடுத்த அக்காவும் கைகழுவிவிட்டாள். பிள்ளைக்கு மிஞ்சியிருந்தது அம்மாவின் போனும் தாயுமானவனும்தான்.

"வாயே திறக்க மாட்டேங்குறா டீச்சர். இன்னும் என்ன கருவி வாங்கணும்?" என்று கேட்டார்.

"இன்னிக்கு வகுப்புல நானும் இருக்கேன் சார். கேமராவை அணைச்சுட்டு ஓரமா இருப்பேன்."

அன்று மாலை திரையில் முக்கால் தோசை மூன்று துண்டாக வந்து நின்றது.

"இதுல பாதி உனக்கு. அப்போ முழு தோசையில எவ்வளவு சாப்பிட்ட?"

மோனிஷா தோசையைப் பார்த்தாள். உதடு லேசாக அசைந்தது.

"கேக்குதாம்மா?"

"கேக்குது சார்."

அவர் மறுபடி முதலிலிருந்து கேள்வியைச் சொன்னார். அவள் மறுபடி பார்த்தாள்.

"படம் நின்னுடுச்சா? நெட் போயிடுச்சாம்மா?"

"இல்ல சார்."

"ஹலோ, கேக்குதா?"

"கேக்குது சார்." இந்தத் தடவை குரல் கம்மியது.

"சரி விடு, நானே சொல்றேன்."

அவர் சொல்லி முடிப்பதற்குள் போன் கைமாறியது. மோனிஷாவின் அம்மா பேசினாள்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. இவளுக்கு வராது சார். வகுப்பு முடிஞ்சா ஒக்காந்து அழுவுறா. இதோட நிறுத்திக்கிறோம்."

ஓரத்திலிருந்து ஹசீனாதான் பேசினார். "நாளைக்கு ஒரு வகுப்பு மட்டும் உக்கார விடுங்கம்மா. அப்புறம் உங்க இஷ்டம்."

அம்மா அரைமனதாகச் சரி என்றாள். திரையில் இருவர் மட்டும் மிஞ்சினார்கள்.

"நெட்டு சரியில்ல டீச்சர், அந்த ஊர்ல" என்றார் தாயுமானவன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஹசீனா பேச்சை மாற்றினார்.

"சார், உங்க வீட்டிலேருந்து ஜங்ஷனுக்குப் போற வழி தெரியும்ல? அதைக் கடைசியிலேருந்து சொல்லுங்க. எங்க இடது, எங்க வலது எல்லாம் மாத்தி."

இதென்ன பிரமாதம் என்று தாயுமானவன் கண்ணை மூடினார். ஜங்ஷன் வாசல். வெளியே வந்தால் ரவுண்டானா. போகும்போது அங்கே வலது. அப்படியானால் வரும்போது...

"கேக்குதா சார்?"

"கேக்குது டீச்சர்."

மறுபடி ஜங்ஷன் வாசலுக்குப் போனார். ரவுண்டானா, அப்புறம் பாலம், பாலம் இறங்கினால்...

"நெட் போயிடுச்சா சார்?"

"இல்ல, இருக்கு."

பாலத்தைக் காணோம். மறுபடி வாசல்.

"ஹலோ! கேக்குதா? சரி விடுங்க, நானே சொல்றேன்."

"யோசிச்சிட்டிருக்கேன்ல! கொஞ்சம் சும்மா இருங்களேன்!"

முப்பது வருஷம் வகுப்பறையில் முழங்கிய குரல். கத்திய பிறகுதான் தான் கத்தியது அவருக்கே உறைத்தது. ஹசீனா கோபிக்கவில்லை, சிரிக்கவும் இல்லை.

"மோனிஷா கத்த மாட்டா சார். அழத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு இணைப்பைத் துண்டித்தார்.

மறுநாள் மாலை தாயுமானவன் அதே முக்கால் தோசையை வைத்தார். அதே கேள்வியைக் கேட்டார். பிறகு தன்னுடைய மைக்கை அணைத்தார். அப்படியும் தன்மேல் நம்பிக்கை வராமல் வாயைக் கையால் பொத்திக்கொண்டார்.

மோனிஷா வழக்கம்போலத் தோசையைப் பார்த்தாள். அவள் வீட்டில் குக்கர் கத்தியது. எங்கோ ஒரு ஆடு கத்தியது. அப்புறம் எல்லாச் சத்தமும் அடங்கி, அவள் முகம் திரையில் அசையாமல் நின்றது. யோசிக்கிறாளா, நெட்தான் நின்றுவிட்டதா? ஒரே ஒரு 'கேக்குதாம்மா' கேட்டால் தெரிந்துவிடும். பரீட்சை எழுதின காலத்தில்கூட அவர் இப்படிப் பயந்ததில்லை. விரல் மைக்குக்குப் போய்ப் போய்த் திரும்பியது.

"சார்."

அவர் பதறிப்போய் மைக்கைத் திறந்தார்.

"இருக்கற மூணு துண்டையும் பாதிப் பாதியா வெட்டுனேன் சார். ஆறாச்சு. எனக்கு மூணு. முழு தோசைன்னா எட்டு துண்டு வரும். அப்போ... எட்டுல மூணு சார்."

அவர் சரியென்று தட்ட, திரையில் பூ கொட்டியது. தாயுமானவன் அதைப் பார்க்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டிருந்தார்.

அம்மாவின் குரல் கேட்டது. "சார், நாளைக்கும் இதே நேரம்தானே?"

வகுப்பு முடிந்ததும் அவர் ஹசீனாவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் ஒரு மூச்சில் சொன்னார். சொல்லி முடித்த பிறகும் மனசில் ஒன்று உறுத்தியது.

"ஒரு சந்தேகம் டீச்சர். இன்னிக்கு அவ யோசிச்சிட்டிருந்தா, சரி. நெசமாவே நெட் போயிருந்தா? ஆளே இல்லாத திரைக்கு முன்னாடி நான் வாயப் பொத்திக்கிட்டு ஒக்காந்திருப்பேனே?"

"ஒக்காந்திருங்க சார்" என்றார் ஹசீனா. "அவ திரும்பி வர்றப்போ யாராவது இருக்கணும்ல."