வாய்க்கால் ஓரத்தில் ஸ்பரிச தீட்சை

இதை நான் நேரில் பார்க்கவில்லை. என் விடுதித் தோழி கனகவல்லி சொன்னது. அவளுக்குச் சொன்னவர் அவளுடைய அத்தை. அத்தை அந்த மடத்து மருத்துவமனையில் செவிலியர், அன்று கூடவே நின்றவர். இரண்டு வாய் மாறி வந்த கதை என்பதால் ஒவ்வொரு சொல்லும் இப்படியேதான் பேசப்பட்டது என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. பொருள் மாறவில்லை என்று நம்புகிறேன்.

ஆற்றங்கரையில் ஒரு சிறிய மடம். அதன் தலைவி ஞானாம்பிகை அம்மையாருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. அவருடைய முதன்மைச் சீடர் டாக்டர் பரஞ்சோதி, அரசுப் பணியில் ஓய்வு பெற்று வந்தவர், குருவைவிட இருபது வயது மூத்தவர். மடத்தின் இலவச மருத்துவமனை அவர் பொறுப்பில் இருந்தது.

டாக்டருக்கு இரண்டு ஆசைகள். புது வார்டைத் தைப்பூசத்தன்று திறக்க வேண்டும். குரு தன் தலையில் கை வைத்து ஸ்பரிச தீட்சை தர வேண்டும். தொட்ட மாத்திரத்தில் குரு அறிந்தது சீடனுக்கு இறங்கிவிடும் என்பது அந்த மடத்து நம்பிக்கை. ஆனால் அம்மையார் இதுவரை யார் தலையிலும் கை வைத்ததில்லை.

மார்கழிக் காலை ஒன்றில் டாக்டர் வந்து வணங்கினார்.

"வார்டு தயார், அம்மா. கட்டில் போட்டாச்சு. கல்வெட்டும் வந்தாச்சு. உங்க உத்தரவு மட்டும் வேணும்."

"கழிவுநீர் சுத்திகரிப்புத் தொட்டி?"

"அது முடிய ஆனி ஆகும்னு சொல்றாங்க. அதுவரைக்கும் பழைய வார்டுத் தண்ணி மாதிரி இதையும் வாய்க்கால்ல விட்டுக்கலாம். ஆத்துல சேர்ந்தா கரைஞ்சிடும்."

அம்மையார் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டார்.

"வாங்க டாக்டரே. ஒரு குருவைப் பார்த்துட்டு வருவோம்."

"எந்த மடத்துக் குரு, அம்மா?"

"நம்ம மடம்தான். நீங்கதான் சோறு போட்டு வளர்க்கிறீங்க."

பழைய வார்டின் பின்புறம், ஒரு குழாய் வாய்க்காலில் கொட்டிக்கொண்டிருந்தது. அம்மையார் அதைப் பார்த்துக் கைகூப்பினார். டாக்டர் துண்டால் மூக்கை மூடிக்கொண்டார்.

"குரு எங்கே, அம்மா?"

"உள்ளே. எனக்குக் கண்ணுக்குத் தெரியலை. மைக்ராஸ்கோப்பில பார்த்தவர் நீங்கதான் சொல்லணும். இதில என்ன இருக்கு?"

"கிருமிங்க. நோயாளிங்க உடம்புல இருந்து வர்றது."

"அப்புறம்?"

"அவங்க சாப்பிட்ட மருந்தும் கொஞ்சம் வெளியே வந்துடும்."

"கிருமியைக் கொல்ற மருந்தா? அப்போ எல்லாம் இங்கேயே செத்துடுமே!"

"அந்த அளவுக்கு இருக்காதும்மா. வலு இல்லாதது சாகும். தாக்குப்பிடிக்கிறது தங்கிடும்."

"பரீட்சையில பாஸ் ஆயிடுச்சு. பிறகு?"

"பெருகும். அந்தத் திறமை பிள்ளைங்களுக்கும் வரும்."

"பிள்ளைகளுக்கு மட்டுமா?"

டாக்டர் துண்டை மூக்கிலிருந்து எடுத்துவிட்டார். பாடம் நடத்துவது அவருக்குப் பிடிக்கும்.

"அதுதான் விசேஷம். பக்கத்துல இருக்கிற கிருமிக்கும் கொடுக்கும். அது வேற இனமா இருந்தாலும் சரி."

"குலம் கோத்திரம் கேட்காதா?"

"கேட்காது."

"கால் பிடிச்சுவிடச் சொல்லாதா? விறகு பொறுக்கச் சொல்லாதா?"

"அதெல்லாம் கிடையாதும்மா. சின்னக் குழாய் மாதிரி ஒண்ணை நீட்டும். பக்கத்துக் கிருமியைத் தொடும். தொட்டதும் அந்த வித்தை..."

டாக்டர் நிறுத்திவிட்டார்.

பின்னால் நின்ற அத்தை சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார்.

"சொல்லுங்க டாக்டரே. தொட்டதும்?"

"இறங்கிடும்."

"அடடா! இத்தனை வருஷமா நான் ஒருத்தருக்கும் கொடுக்க முடியாததை இங்கே ராப்பகலா கொடுத்துட்டிருக்காங்க. என் வகுப்புல பாதிப் பேர் தூங்குறாங்க. இங்கே யாராவது தூங்குறாங்களா பாருங்க."

டாக்டரும் சிரித்துவிட்டார். அம்மையார் வாய்க்கால் போகும் திசையைப் பார்த்தார். சற்றுத் தள்ளி ஒரு படித்துறை தெரிந்தது.

"பூக்கட்டுற இசக்கியம்மா கால் புண் எப்படி இருக்கு?"

டாக்டரின் சிரிப்பு நின்றது.

"ஆறலை. மருந்தை மாத்தி மாத்திக் கொடுத்தாச்சு. எதுக்கும் கேட்கலை."

"அவ எங்கே குளிப்பா?"

"அம்மா, அந்தக் கிருமி இங்கிருந்துதான் போச்சுன்னு சொல்ல முடியாது."

"இங்கிருந்து போகலைன்னு சொல்லுங்க. தைப்பூசம் எதுக்கு, நாளைக்கே திறக்கிறேன்."

டாக்டர் குழாயைத் திரும்பிப் பார்த்தார்.

"தொட்டி வந்தாலும் எல்லாம் செத்துடாதும்மா. ரொம்பக் குறையும், அவ்வளவுதான்" என்றார்.

"குறையட்டும். முதல்ல இந்தக் குழாயை அதில சேருங்க. அப்புறம் புது வார்டு. படித்துறையில குளிக்க வேண்டாம்னு இன்னைக்கே நான் போய்ச் சொல்றேன்."

"அதுவரைக்கும் கட்டில் இல்லாம வராந்தாவில பாயில படுத்திருக்கிற நோயாளிங்க?"

"என் காரை எடுத்துக்குங்க. டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. எனக்கு நடக்கக் கால் இருக்கு."

டாக்டர் தலையாட்டினார். பிறகு அந்தத் தலையை மெல்லக் குனிந்து நீட்டினார்.

"அப்போ என் தீட்சை?"

"இங்கேயா? நல்லா இருக்கே! முதல்ல ரெண்டு பேரும் போய் சோப்பு போட்டுக் கை கழுவுவோம்."

திரும்பும் வழியில் புது வார்டு வாசல். கல்வெட்டு பளபளவென்று நின்றது. டாக்டரின் கால்கள் அங்கே நின்றுவிட்டன.

"தைப்பூசத்தன்று திறந்து வைக்கப்பட்டதுன்னு வெட்டியாச்சே, அம்மா. உங்க பேரும் இருக்கு. காலத்துக்கும் தப்பா நிக்குமே."

அம்மையார் கல்லைத் தட்டிக்கொடுத்தார்.

"நிக்கட்டும் டாக்டரே. இந்தக் கல்லு பக்கத்துக் கல்லைத் தொட்டு எதையும் சொல்லிக் கொடுக்காது."

கிருமிகள் இனம் பாராமல் இப்படிக் கைமாற்றிக்கொள்ளும் என்பதைப் பாடநூலில் தேடிப் பார்த்தேன். உண்மைதான். பிறகு கனகவல்லியோடு அந்த மருத்துவமனைக்கும் போனேன். வார்டு திறந்தது ஆனியில் என்றார்கள். கல்வெட்டு இன்னும் தைப்பூசம் என்றுதான் சொல்கிறது. அதன் மேல் ஒரு முழம் பூ கிடந்தது. கட்டிப் போட்டவர் இசக்கியம்மாள். அவர் கால் ஆறியது ஆவணியில்.