முள்ளெலியும் நடு மதிப்பெண்ணும்

ஒரு காட்டில் முள்ளெலி ஒன்று இருந்தது. வக்கீலாக வேண்டும் என்பது அதன் ஆசை. காரணமில்லாத ஆசை இல்லை. காட்டுப்பன்றிகள் முள்ளெலிகளின் வளைகளைத் தோண்டித் தள்ளிக்கொண்டே வந்தன. சிங்கத்தின் சபையில் முள்ளெலிகளுக்காகப் பேச ஒரு நாதி இல்லை.

அந்தக் காட்டில் யானை ஒரு சட்டப் பள்ளி நடத்தியது. அதன் நுழைவுத் தேர்வில் முள்ளெலி அறுபத்திரண்டு மதிப்பெண் வாங்கியது. போன வருடம் சேர்ந்தவர்களின் நடு மதிப்பெண்ணோ எழுபது.

யானையிடம் நேரே போய் மனுக் கொடுக்க வேண்டியதுதானே? நம் முள்ளெலி அதைச் செய்யவில்லை. பார்த்தவர்களிடமெல்லாம், தனக்கு இடம் கிடைக்குமா என்று கேட்டது.

அங்கே படிக்கும் மயில் தோகையைச் சிலுப்பிக்கொண்டு, எழுபதுக்குக் கீழே வாங்கியவர்கள் வாசலைக்கூட மிதிக்க முடியாது என்றது. உடனே முள்ளெலி சுருண்டு பந்தாகிவிட்டது. பயந்தால் சுருண்டுகொள்வது அந்த இனத்தின் வழக்கம். மறுநாள்தான் விரிந்தது. காகம், கட்டாயம் கிடைக்கும் என்றது. காகத்துக்கு என்ன தெரியும் என்று முள்ளெலி கிளியிடம் போனது. கிளி, கஷ்டம்தான் என்று இழுத்தது. மறுபடியும் பந்து!

மனுக் கொடுக்கக் கடைசி நாளும் வந்தது. பக்கத்து மரத்து அணிலுக்குப் பொறுக்கவில்லை. ஒரு குச்சியால் பந்தைத் தட்டியது.

"ஏம்ப்பா, நடு மதிப்பெண் எழுபதுன்னா, சேர்ந்தவங்கள்ல பாதிப் பேர் அதுக்குக் கீழேதானே வாங்கியிருப்பாங்க? அவங்கல்லாம் எப்படி உள்ளே போனாங்க?"

முள்ளெலி மெல்ல மூக்கை நீட்டியது. "அட, ஆமால்ல!"

விழுந்தடித்து ஓடியது. கால்களோ குட்டை. போய்ச் சேர்ந்தபோது யானை வாசற்கதவைச் சாத்திக்கொண்டிருந்தது.

உள்ளேயிருந்து ஒரு பெருச்சாளி சிரித்த முகத்தோடு வெளியே வந்தது. அதற்கு இடம் கிடைத்துவிட்டதாம். எத்தனை மதிப்பெண் என்று முள்ளெலி கேட்டது.

"ஐம்பத்தெட்டு. ஏன் சட்டம் படிக்கணும்னு கேட்டாங்க. மனசுல இருந்ததைச் சொன்னேன், சேர்த்துக்கிட்டாங்க."

முள்ளெலிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சொல்வதற்கு அதன் மனசில் எவ்வளவு இருந்தது! யானையும் பரிதாபப்பட்டது. ஆனாலும் நேரம் முடிந்துவிட்டதால், அடுத்த வருடம் வரச் சொல்லிவிட்டது.

அதற்குள் பன்றிகள் மிச்சமிருந்த வளைகளையும் தோண்டி முடித்துவிட்டன.

இடம் கிடைக்குமா என்று ஊரெல்லாம் கேட்டுத் திரிகிறவருக்கு, இடம் கொடுப்பவரிடம் கேட்க நேரமிருப்பதில்லை.