சிவப்புப் புலியும் சாம்பல் நிற ஜப்பான் காரும்

கார்கள் வந்துவிட்டன, ராஜாக்கள் இன்னும் போகவில்லை. அப்படி ஒரு காலத்தில் வேங்கைமலைச் சீமையை விசயரங்க பூபதி ஆண்டுவந்தார். நல்ல மனிதர். கொஞ்சம் பகட்டுப் பிரியர். ராஜா என்றால் அதுகூட இல்லாமலா?

அவரிடம் இரண்டு கார்கள் இருந்தன. ஒன்று பழைய ஜப்பான் கார். சாம்பல் நிறம். சத்தமே வராது. எத்தனையோ வருடமாக, காலையில் கிளம்பினால் மாலையில் ஒழுங்காக வீடு வந்து சேர்ந்துவிடும். இன்னொன்று புத்தம்புது எஸ்யூவி. ரத்தச் சிவப்பு, ஆள் உயரம். நாலு தெரு தள்ளி வரும்போதே உறுமும். ராஜா அதற்குச் 'சிவப்புப் புலி' என்று பெயர் வைத்து, தினமும் ரோஜா மாலை போடச் சொல்லியிருந்தார்.

போன மாதம் அந்தப் புலி கணவாய் மேட்டில் படுத்துவிட்டது. ராஜா வழியில் வந்த பால் வண்டியில் ஏறி அரண்மனைக்குத் திரும்பினார். மறுநாள் திவான் அகோரமூர்த்தி சபையில் எழுந்து, "குடிமக்களின் குறை கேட்பதற்காக நம் மகாராஜா பால் வண்டியிலேயே பயணம் செய்தார்!" என்று அறிவித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். அந்தச் சபையின் வழக்கம் அது. ராஜாவுக்குப் பிடித்ததை யார் சொன்னாலும் கைதட்டிவிட வேண்டும்.

கைதட்டாதவன் ஒரே ஒருவன். அரசவை விகடகவி அம்பலத்தாடி. திவானுக்கு அவனைக் கண்டாலே ஆகாது. எப்படியாவது அவனைக் கிளப்பிவிட வேண்டும் என்று காத்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் வாய்ப்பு வந்தது.

"மகாராஜா, அந்த ஜப்பான் டப்பாவை விற்றுவிடலாம்" என்று திவான் தொடங்கினார். "அது தெருவில் போனால் ஒரு பயல் திரும்பிப் பார்ப்பதில்லை. நம் புலி போனால் ஊரே வாசலுக்கு ஓடி வருகிறது. மதிப்பு என்றால் அதுவல்லவா மதிப்பு!"

கைதட்டல் காதைப் பிளந்தது. ராஜா மீசையைத் தடவிக்கொண்டார்.

"ஓடி வருகிறவர்கள் தள்ளுவதற்காகவும் வரலாம், மகாராஜா" என்றான் அம்பலத்தாடி.

ராஜாவின் முகம் புலியைவிடச் சிவந்துவிட்டது.

"ஓகோ! அந்த ஜப்பான் கார்தான் உசத்தி என்கிறாயா?"

"ஆமாம், மகாராஜா."

"அப்படியானால் நிரூபி. ஓட்டிக் காட்டக் கூடாது. பெட்ரோல், ரிப்பேர் என்று புலம்பவும் கூடாது. கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. நாளைக்குச் சபை கலைவதற்குள், இங்கே உன்னைத் தவிர ஒருவராவது வாய் திறந்து 'ஜப்பான் கார்தான் வேண்டும்' என்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நீ இந்தச் சீமையை விட்டே போய்விடு!"

திவானுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

அம்பலத்தாடி யோசித்தான். கைதட்டிப் பழகிய இந்தக் கூட்டத்தில் ராஜாவுக்கு எதிராக யார் வாய் திறப்பார்கள்? பிறந்த ஊரை விட்டுப் போவதென்றால் சும்மாவா? வெளியே வந்தான். அரண்மனை முற்றத்தில் பெண்கள் தட்டுத் தட்டாகக் கண்ணாடி வளையல்களை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான். பிறகு சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனான்.

மறுநாள் சபை கூடியது. கலையும் நேரம் வந்தது.

"என்ன அம்பலத்தாடி, மூட்டை கட்டியாயிற்றா?" என்றார் திவான்.

"கட்டியாயிற்று, சுவாமி. போகும் முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. நாளை மறுநாள் நம் இளவரசி செண்பகவல்லிக்குப் புகுந்த வீட்டில் வளைகாப்பு. முடிந்ததும் பிரசவத்துக்குத் தாய்வீடு அழைத்துவர வேண்டும். கணவாய் தாண்டி வரணும். எந்தக் காரை அனுப்பலாம் என்று நீங்கள் சொன்னால், போகிற போக்கில் டிரைவரிடம் சொல்லிவிடுகிறேன்."

திவான் நெஞ்சை நிமிர்த்தினார். "இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது? ராஜா வீட்டுப் பெண்! சிவப்புப் புலியில்தான் வர வேண்டும்!"

சபையே கைதட்டியது. ராஜா மட்டும் தட்டவில்லை. சிம்மாசனத்திலிருந்து துள்ளி எழுந்தார்.

"யோவ் திவான்! உமக்குப் புத்தி கெட்டுவிட்டதா? ஒன்பது மாதப் பிள்ளைத்தாய்ச்சியை அந்தப் பூதத்திலா ஏற்றுவீர்? கணவாயில் அது படுத்துவிட்டால் என்ன செய்வாள் என் குழந்தை? நான் பால் கேனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வந்தேனே, அவளும் அப்படி வரணுமா? ஜப்பான் கார்தான் வேண்டும்! வேறு எதிலும் என் மகள் கால் வைக்கக் கூடாது!"

தட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் எல்லோருடைய கைகளும் பாதியில் நின்றன.

அம்பலத்தாடி பணிவாகக் கும்பிட்டான்.

"மகாராஜா, சபை இன்னும் கலையவில்லை."

ராஜா ஒரு நிமிடம் விழித்தார். பிறகு புரிந்துகொண்டார். வயிறு குலுங்கக் குலுங்கச் சிரித்தார். கண்ணில் நீர் வந்துவிட்டது.

"அடப் பாவி! மகள் பெயரைச் சொன்னதும் எனக்குப் பகட்டெல்லாம் மறந்துபோய்விட்டது. என் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டாயே! அந்த ஜப்பான் காரை இனி யாரும் விற்கப்போவதில்லை. உனக்கும் பெரிய பரிசு தருகிறேன். இந்தா பிடி, சிவப்புப் புலி இன்று முதல் உன்னுடையது!"

அம்பலத்தாடி பதறிப்போய் அவர் காலில் விழுந்தான்.

"மகாராஜா, ஜெயித்தது நான்! தண்டனையைத் திவானுக்குக் கொடுங்கள்!"

"அப்படியே ஆகட்டும்!" என்றார் ராஜா. சபை அதிரக் கைதட்டியது. அன்றைக்குத் திவான் மட்டும்தான் கைதட்டவில்லை.