எல்லாவற்றுக்கும் சரி சொன்ன டிரைவர்

மார்த்தாண்டன் சார் வாயைத் திறந்தால் அலுவலகமே தலையாட்டும். அன்றைக்கு அவர் பார்வை பயிற்சிக்கு வந்த நிலோபர் மேல் விழுந்தது.

"நம்ம புரோகிராம் ஒவ்வொண்ணும் தனித்தனிப் பெட்டி மாதிரி கன்டெய்னர்ல அடைஞ்சு கிடக்கு. அதெல்லாம் புது நெட்வொர்க்ல பேசிக்கறதுக்கு ஒரு டிரைவர் பிளகின் எழுதும்மா, கன்டெய்னர் சாஃப்ட்வேர் கேக்கறதையெல்லாம் செஞ்சு கொடுக்கற குட்டி புரோகிராம். கன்டெய்னர் சாஃப்ட்வேர்ல கை வைக்கக் கூடாது. அது மனசுல என்ன இருக்குன்னு எனக்கே தெரியாது. சாயங்காலத்துக்குள்ள முடியலேன்னா நாளைக்கு வர வேண்டாம்."

நிலோபருக்குப் பயத்தைவிட ஆவல்தான் அதிகம். அப்படி என்னதான் இருக்கும்? வெறும் டிரைவர் ஒன்றைச் செருகினாள். எதைக் கேட்டாலும் அது "சரி" என்று சொல்லும், கேட்டதைத் திரையில் காட்டும். வேறு வேலை கிடையாது. சாஃப்ட்வேரும் அதை நம்பி, "நெட்வொர்க் உருவாக்கு", "இந்தக் கன்டெய்னருக்கு இணைப்பு கொடு", "இதைச் சேர்த்துவிடு" என்று ஒவ்வொன்றாகக் கொட்டிவிட்டது. அது கேட்டதையெல்லாம் நிஜமாகவே செய்யும்படி அவள் டிரைவரை எழுதி முடித்தாள். சாயங்காலம் கன்டெய்னர்கள் பேசிக்கொண்டன.

"சரி சரின்னு சொல்லியே விஷயத்தைக் கறந்துட்டியே, யார் சொல்லிக் கொடுத்தா?" என்றார் மார்த்தாண்டன்.

"நீங்கதான் சார். உங்க மீட்டிங்ல நாங்க எல்லாரும் அதைத்தானே பண்றோம்?"

அவர் சட்டென்று மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். பழக்கதோஷத்தில் அத்தனை தலைகளும் ஆடின.