உப்பளத்துக்கு மேல் நின்ற என்ஜின்

இஞ்ஞாசி மச்சாது பாதி ஆயுளைக் கப்பலின் அடித்தளத்தில் கழித்தவர். தலைமை என்ஜினியர். ஓய்வு பெற்றுத் தூத்துக்குடிக்குத் திரும்பியதும் விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போனார். இத்தனை காலம் அடியில் இருந்தாயிற்று, கொஞ்ச நாள் மேலே இருந்து பார்க்கிறேன் என்று வீட்டில் சொன்னார்.

அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் ஷண்முகவடிவு. இஞ்ஞாசியின் மூத்த மகளைவிட வயதில் இளையவர். பயிற்சிக் கழகத்தில் எல்லோரும் கேப்டன் என்பார்கள். இஞ்ஞாசியும் அப்படியே அழைத்தார். கேப்டன் அவரை அண்ணாச்சி என்றார்.

கற்பதில் இஞ்ஞாசி கெட்டிக்காரர். ஆனால் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார். ஆகாயத்தில் என்ஜின் நின்றுபோனால் முதலில் எதைத் தொட வேண்டும்?

முதல் தடவை கேப்டன் சிரித்துவிட்டுப் போனார். பிறகு ஒருநாள் சொன்னார்.

"விமானத்தோட மூக்கை இறக்கி வேகத்தைப் பிடிங்க. இறங்க இடம் பாருங்க. அதுக்கு அப்புறம்தான் என்ஜின்."

இஞ்ஞாசிக்கு அது போதவில்லை. ஒரு புயலில் அவருடைய கப்பலின் என்ஜின் நடுக்கடலில் நின்றதுண்டு. மற்றவர்கள் மேல்தளத்துக்கு ஓடினார்கள். அவர் மட்டும் என்ஜினை விட்டு நகரவில்லை. விடியும்போது அது ஓடத் தொடங்கியது. கப்பலில் இருந்த அத்தனை பேரும் பிழைத்தார்கள். என்ஜினை விட்டுக் கண்ணை எடுத்தவன் மூழ்குவான் என்பது அவர் வாழ்ந்து கண்ட உண்மை. அதைக் கேப்டனிடமும் சொன்னார். கேப்டன் மறுக்கவில்லை. பெரிய காரியம் செய்திருக்கிறீர்கள் என்று மட்டும் சொன்னார்.

பயிற்சியின்போது கேப்டன் என்ஜினின் வேகத்தை அடக்கிவிட்டு, நின்றுபோனதாக வைத்துக்கொள்ளுங்கள் என்பார். இஞ்ஞாசி பிசகில்லாமல் இறக்கிக் காட்டுவார். என்ஜின் உயிரோடு முனகிக்கொண்டிருப்பது அவர் காதுக்குத் தெரியும்.

பங்குனி மாதத்தில் ஒருநாள் இருவரும் கடற்கரையோரமாகப் பறந்துகொண்டிருந்தார்கள். வெயில் ஏறியும் மூட்டம் கலையவில்லை. கீழே உப்பளங்கள். பாத்தி பாத்தியாக வானம் தரையில் கிடந்தது. கடல் எங்கே முடிகிறது, ஆகாயம் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியவில்லை. விமானம் நகர்வதாகவே தோன்றவில்லை. யாரோ உறங்கிக்கொண்டிருக்க, அந்த உறக்கத்துக்குள் இவர்கள் இருவரும் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது.

என்ஜின் ஒருமுறை இருமியது. கொஞ்ச நேரம் நடுங்கியது. பிறகு ஓசை அடங்கிவிட்டது.

காற்று மட்டும் மிஞ்சியது. முன்னால் இருந்த விசிறி, காற்று தள்ளுவதற்கு ஏற்பச் சும்மா சுழன்றது.

இஞ்ஞாசி குனிந்தார். எரிபொருள் தொட்டியை மாற்றினார். சாவியைத் திருப்பினார். காதை முன்பக்கம் சாய்த்துக் கேட்டார். மறுபடி திருப்பினார். அவரை அறியாமல் அவருடைய இடது கை, விமானத்தின் கைப்பிடியை மார்போடு இழுத்துக்கொண்டிருந்தது. மூக்கு மேலே ஏறியது. வேகம் குறைந்தது. விமானம் விழப்போகிறது என்று சொல்லும் எச்சரிக்கை ஊதல் மெல்ல அழத் தொடங்கியது. அவருக்கு அது கேட்கவில்லை. அவர் கப்பலின் அடியில் இருந்தார்.

கேப்டன் தன் பக்கத்துக் கைப்பிடியில் இரண்டு விரலை வைத்து முன்னால் தள்ளினார். மூக்கு இறங்கியது. ஊதல் நின்றது.

"அண்ணாச்சி."

இஞ்ஞாசி சாவியைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, நின்னது என்ஜின். விமானம் நிக்கல. பறந்துக்கிட்டுதான் இருக்கு."

இஞ்ஞாசி நிமிர்ந்து பார்த்தார். அது உண்மைதான். சத்தமில்லாமல், சரிவில் வழுக்குவதுபோல், விமானம் போய்க்கொண்டிருந்தது.

"ஓட்டுங்க" என்று சொல்லிவிட்டுக் கேப்டன் விரலை எடுத்துக்கொண்டார். ரேடியோவில் தங்கள் நிலைமையையும் இருக்கும் இடத்தையும் சொன்னார். கடைக்காரரிடம் அரிசி விலை கேட்கும் குரலில் சொன்னார்.

உப்பளத்தின் நடுவே லாரி போகும் வரப்பு ஒன்று நேராக ஓடியது. இஞ்ஞாசி அதை நோக்கித் திருப்பினார். கேப்டன் ஒருமுறை என்ஜினைக் கிளப்பிப் பார்த்தார். அது பிடிக்கவில்லை.

வரப்பு நெருங்கியது. அதன்மேல் பெண்கள் தலையில் உப்புக்கூடைகளோடு வரிசையாக நடந்துகொண்டிருந்தார்கள். விமானம் சத்தமில்லாமல் வருவதை அவர்கள் எப்படி அறிவார்கள்? ஒருத்திகூட நிமிரவில்லை.

இஞ்ஞாசியின் வலது கை சாவியை நோக்கிப் போனது. இன்னும் ஒரே ஒரு தடவை. இப்போது மட்டும் அது ஓடிவிட்டால், இவர்கள் தலைக்கு மேலாகவே ஏறிப் போய்விடலாம். விரல் சாவியைத் தொட்டது. கேப்டன் தடுக்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்தார்.

இஞ்ஞாசி கையை எடுத்தார்.

"அங்க ஆளுக போறாங்க, கேப்டன். அந்த வத்துன குளத்துக்குப் போறேன்."

"போங்க."

முள் அடர்ந்த உடைமரங்களுக்கு அப்பால் வற்றிப்போன ஒரு குளம் கிடந்தது. அதன் கரையில் எங்கோ கருப்பட்டி காய்ச்சும் புகை மேற்கே சாய்ந்திருந்தது. காற்று கடலிலிருந்து வருகிறது என்று இஞ்ஞாசி கண்டுகொண்டார். காற்றுக்கு எதிராகத் திருப்பினார். மரங்களின் தலை சக்கரங்களுக்குக் கீழே நழுவியது. வெடித்த களிமண் எழுந்து வந்தது. விமானம் விழுந்தது, எம்பியது, மறுபடி விழுந்தது. முன்சக்கரம் மடங்க, மூக்கை மண்ணில் ஊன்றி நின்றது. கொக்குகள் கூட்டமாக எழும்பி, வேறிடத்தில் போய் அமர்ந்தன.

இருவரும் இறங்கினார்கள். உப்பளத்துப் பெண்கள் கூடைகளைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். அடி ஏதும் பட்டதா என்று கேட்டு, ஒருத்தி தன் தூக்குவாளியிலிருந்து தண்ணீர் கொடுத்தாள். அவளுடைய முகத்தை இஞ்ஞாசி பார்த்துக்கொண்டே குடித்தார்.

வாளியை அங்கேயே விட்டுவிட்டு அவர்கள் போன பிறகு, இஞ்ஞாசி விமானத்தின் முன்பக்கம் சென்றார். என்ஜின் மூடியின்மேல் உள்ளங்கையை வைத்தார். காய்ச்சல்காரன் நெற்றிபோல் சுட்டது.

"கேப்டன், என்ன கோளாறுன்னே தெரியாம இறங்கிட்டேனே" என்றார். "என் ஆயுசுல ஒரு என்ஜினயும் இப்படி விட்டதில்ல."

கேப்டன் மடங்கிய சக்கரத்தின் பக்கத்தில், மண்ணில் உட்கார்ந்திருந்தார். வாளியில் மிச்சமிருந்த தண்ணீரால் முகத்தைக் கழுவிக்கொண்டார்.

"அதத் தெரிஞ்சுக்கிடத்தான் அண்ணாச்சி, தரைக்கு வந்திருக்கோம்."