மாப்பிள்ளையை மூட்டையிலிருந்து எடுத்த கதை

தாராபுரத்தில், மோட்டார் ரிப்பேர் கடைக்கு மாடியில் மூன்று பேர் சாஃப்ட்வேர் கம்பெனி நடத்தினார்கள். தலைவர் திருமேனி. அவருக்குக் கீழே தெய்வானை, பழனியாண்டி. மூளையையும் மூவரும் கூட்டாகத்தான் வைத்திருந்தார்கள். நான் சொல்லப்போகும் நாளில் அது யாரிடம் இருந்தது என்று இதுவரை தெரியவில்லை.

நாச்சிமுத்துவின் கல்யாண மண்டபத்துக்கு இவர்கள்தான் புரோகிராம் எழுதிக் கொடுத்தவர்கள். அதில் ஒவ்வொரு கல்யாணத்தின் விவரமும் ஒரு மூட்டை. உள்ளே பெண், மாப்பிள்ளை, சாப்பாடு என்று குட்டி மூட்டைகள். வாசல் போர்டில் பெயர் வருவதும், சமையலறை பிரிண்டரில் என்ன சமைக்க வேண்டும் என்ற சீட்டு வருவதும் அந்த மூட்டையிலிருந்துதான். சமையல்காரர் ஆறுச்சாமி சீட்டைப் பார்க்காமல் அடுப்பு மூட்ட மாட்டார். ஒரு தடவை வாய்வார்த்தையை நம்பி வத்தக்குழம்பு வைத்து, மோர்க்குழம்பு கேட்டவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர் அவர்.

அன்று நாச்சிமுத்துவின் சொந்த மகளுக்கே கல்யாணம். பொழுது விடிந்தாயிற்று, சீட்டு வரவில்லை. கம்ப்யூட்டரில் ஒரே ஒரு வரி: "பிழை: மூட்டை."

"எந்த மூட்டைடா?" என்று மனுஷன் அலறிவிட்டார். "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பந்திக்கு உக்கார நேரத்துல இலையில சோறு இல்லைன்னா எம் மானம் போயிருமுங்க! மூட்டையைப் பிரிச்சு, உள்ளே இருக்கறதை ஒண்ணு விடாம, படிக்கற மாதிரி எழுதிக் காட்டுங்க!"

"ஒண்ணு விடாம," என்று ஓடி வந்த மூவரும் பக்தியோடு சொல்லிக்கொண்டு மண்டப ஆபீஸ் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்கள்.

ஆபீஸ் பிரிண்டர் பேச ஆரம்பித்தது. "மணமகள் சுகன்யா. அவருடைய மணமகன் தீபன். அவருடைய மணமகள் சுகன்யா. அவருடைய மணமகன் தீபன்..." காகிதம் மேசையைத் தாண்டி, படியிறங்கி, நாதஸ்வரக்காரர் காலைச் சுற்றிக்கொண்டது. சுருளின் முதல் வரியில் "பாயசம் எதுவென்று சொல்லவில்லை, அதனால் சீட்டு போகவில்லை" என்று பளிச்சென்று இருந்தது. அதை யார் படித்தார்கள்? பழனியாண்டி அந்தத் துண்டைக் கிழித்து, ஆடுகிற மேசைக்காலுக்கு முட்டுக் கொடுத்திருந்தான்.

"இது எப்பங்கண்ணா நிக்கும்?" என்றாள் தெய்வானை.

"பொண்ணைக் கேட்டா மாப்பிள்ளையைக் காட்டுது. மாப்பிள்ளையைக் கேட்டா பொண்ணைக் காட்டுது," என்றான் பழனியாண்டி. "அன்னியோன்னியமான சோடி."

திருமேனி தாடையைத் தடவினார். "இவ்வளவு அன்னியோன்னியம் பிரிண்டருக்கு ஆகாது. மாப்பிள்ளையை எடுத்துருவோம்."

எடுத்தார்கள். பிரிண்டர் சமர்த்தாக நின்றது. மூவரும் கைகொடுத்துக்கொண்டார்கள்.

வாசல் போர்டில் மட்டும், சந்தனம் எடுக்க வந்தவர்கள் எல்லாரும் பார்க்கும்படி, "மணமகள்: சுகன்யா. மணமகன்: இல்லை" என்று ஓடியது. மாப்பிள்ளையின் தாய்மாமன் அதை ஒரு தடவை படித்தார், கண்ணாடி போட்டு மறுபடி படித்தார், பிறகு "வண்டியை எடுங்கடா!" என்று ஏறி உட்கார்ந்துவிட்டார். நாச்சிமுத்து ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, அழாத குறையாக இவர்களைப் பார்த்தார்.

"என் பொண்ணு வாழ்க்கைடா! மாப்பிள்ளையைத் திருப்பி வைங்கடா!"

வைத்தார்கள். போர்டில் தீபன் வந்துவிட்டார், தாய்மாமனும் இறங்கிவிட்டார். ஆனால் சீட்டு?

"மறுபடி எழுதச் சொன்னா மறுபடி சுத்துமே," என்றாள் தெய்வானை.

"ஒரு தடவை சொன்ன ஆளை ரெண்டாந்தடவை சொல்லக் கூடாது. 'மேலே சொன்னவர்'னு போட்டுட்டா முடிஞ்சுது," என்றார் திருமேனி. அடடா, கூட்டு மூளை அந்த நிமிஷம் அவரிடம்தான் இருந்திருக்கிறது!

"அப்போ தீபனை முதல் தடவையாச்சும் பேர் சொல்லணுமில்லீங்களா?"

"அந்தச் சுருள்ல அத்தனை தரம் சொன்னமே, பத்தாதா?"

பத்தும் என்று மூவரும் ஒருமனதாக முடிவு செய்தார்கள். பிரிண்டர் டக்கென்று குட்டியாக ஒரு சீட்டைத் துப்பியது. நாச்சிமுத்து அதைப் படிக்கக்கூட நிற்காமல், சாமி கும்பிட்டுச் சமையலறைக்குக் கொடுத்தனுப்பினார்.

வெகுநேரம் ஆயிற்று. தாளிக்கிற வாசனை வரவில்லை. எல்லாரும் பின்கட்டுக்கு ஓடினார்கள்.

அடுப்பு மூட்டவே இல்லை. ஆறுச்சாமி குளித்து, பட்டை போட்டு, வெள்ளை வேட்டியில் மணையின் மேல் பதவிசாக உட்கார்ந்திருந்தார். கையில் சீட்டு:

"பிழை. பாயசம் எதுவென்று சொல்லவில்லை. மணமகள்: சுகன்யா. சமையல்: ஆறுச்சாமி. மணமகன்: மேலே சொன்னவர்."

"எனக்குச் சம்மதமான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்க," என்றார் ஆறுச்சாமி வெட்கத்தோடு. "இருந்தாலும் சீட்டுல வந்தாச்சு, நான் மீற மாட்டேன். பாயசம் எதுன்னு கேட்டிருக்கீங்க. எனக்குப் பால் பாயசமே போதும். அது சரி, மாப்பிள்ளை நான் இங்க உக்காந்துட்டேன். சமையலுக்கு யாருங்க வர்றாங்க?"