பாடிப் போனவர்

தவசிக்கனி பாடிப் போனால் எதிர்க்களத்தில் ஏழு பேரும் பின்வாங்கிய காலம் ஒன்று உண்டு. அப்பேர்ப்பட்ட ஆள், தான் ஆடிய அதே கபடிக் கழகத்துக்குத் தலைவராகிச் சில மாதத்திலேயே தூக்கத்தைத் தொலைத்தார். தனக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்த அமலோற்பவம் டீச்சரைத் தேடி மைதானத்துக்கு வந்தார். டீச்சர் கழுத்தில் விசிலோடு நின்று பயிற்சி பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஞாயித்துக்கிழமையும் தோத்தா கழகத்தையே கலைச்சிருவாங்க டீச்சர்.”

“தெரியும்.”

“காசு வாங்கிட்டு நம்ம ஆட்டத்தை எவனோ விக்கான்.”

“எவன்?”

தவசி அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “நம்ம டீம்ல ஆடுற ஜேசுராஜ்தான். எல்லார்கிட்டயும் அவனைப் பத்தித் தனித்தனியா விசாரிச்சுட்டேன். அவன்கிட்டயும் மத்தவங்களைப் பத்தி விசாரிச்சேன்.”

“அடப்பாவி! அவனைப் பத்தி அவன்கிட்டயே கேட்டியா?”

“கேட்டா உஷாராயிருவானே! கள்ளனை எப்படிப் பிடிக்க? நீங்கதான் வழி சொல்லணும்.”

டீச்சர் ஜேசுராஜையும் மற்ற ஆட்டக்காரர்களையும் களத்தில் நிற்கவைத்தார்.

“ஏல தவசி, நீ பாடிப் போ.”

இந்த வயதில் என்ன கூத்து என்று நினைத்தாலும் தவசி வேட்டியை மடித்துக் கட்டினார். “கபடி, கபடி” என்று கோட்டைத் தாண்டினார். கால் ஆட்டத்தை மறக்கவில்லை. கண் மட்டும் ஜேசுராஜின் கையை விட்டு நகரவே இல்லை. ஜேசுராஜ் பாய்ந்து அவர் கணுக்காலைப் பிடித்தான். பிடித்தவன் உடனே விட்டுவிட்டான். தவசி தன் பக்கம் ஓடிவந்தார்.

“பாத்தீங்களா டீச்சர்? பிடிச்ச காலை விட்டுட்டான்! வேற என்ன சாட்சி வேணும்?”

“விசில் அடிச்சேனே, கேக்கலியா?”

“எதுக்கு விசில்?”

“நீ பாட்டை நிறுத்திட்ட. அவன் கையைப் பாத்த பார்வையில உன் வாய் மூடிக்கிச்சு. பாட்டு நின்னா ஆள் அவுட்டு. அவுட்டான ஆளை அவன் எதுக்குப் பிடிக்கணும்?”

களத்தில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது தவசிக்கு. ஆனாலும் மனசுக்குள் புகுந்த சந்தேகம் அவ்வளவு லேசில் போகுமா?

“அப்போ அவன் யோக்கியன்ங்கிறீங்களா?”

“அது எனக்கு எப்படித் தெரியும்? போய் அவன் மூஞ்சிக்கு நேரா கேளு. பாட்டு மாதிரியே அதுவும் கோட்டுல நிக்கிற எனக்குக் காதுல விழணும்.”